உடுக்கைக் குறியை மட்டும் நம்பாதீர்கள்



என்ஜினீயரை மேடையேற்றினால் எட்டுக்கால் பூச்சியைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீங்க. மோட்டார் ரூம், மீட்டர் பெட்டி, கல் குவியல் என்று நம் தர்மபுரிப் பக்கத்தில் நாம் கை விடுகிற இடமெல்லாம் சிலந்திக்கும் பிடித்த இடம்தான்.

'பிளாக் விடோ' என்றதும் கறுப்பு உடம்பும், வயிற்றடியில் உடுக்கை மாதிரி சிவப்புக் குறியும்தான் நம் நினைவுக்கு வரும். உடுக்கை இருந்தால் விஷம், இல்லாவிட்டால் சாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். சிக்கலே அங்கேதான்.

லாட்ரோடெக்டஸ் என்ற அந்தப் பேரினத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வட அமெரிக்க இனம் ஒன்றில் உடுக்கை நடுவே ஒடிந்து இரு துண்டாக இருக்கும். ஆஸ்திரேலிய 'ரெட்பேக்'கிற்கு முதுகிலேயே சிவப்புப் பட்டை. குஞ்சுகளுக்கு வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும். வளர வளர மாறிவிடும். நம் நாட்டிலும் இந்தக் குடும்பம் இருக்கிறது. குஜராத்தில் பரோடா மாவட்டத்துப் பருத்திக் காட்டில் ஒன்றைக் கண்டதாக 2001-ல் பெங்களூரின் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. பழுப்பு விடோ இந்தியாவில் இருப்பதை அதே இதழ் 2007-ல் முதன்முதலாகப் பதிவு செய்தது. அதன் உடுக்கை ஆரஞ்சு நிறம். உடம்போ வெளிர்பழுப்பிலிருந்து ஏறக்குறையக் கறுப்பு வரை மாறும்.

வயரின் நிறத்தைப் பார்த்து யாராவது கை வைப்போமா? டெஸ்டர் வைத்துத்தானே தொடுகிறோம்! இதுவும் அப்படித்தான். நாலு அடையாளத்தைச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் தரையை ஒட்டி, ஒழுங்கில்லாமல் பின்னிய, இழுத்தால் சட்டென்று அறாத வலை. அதில் தலைகீழாகத் தொங்கும் பெண் சிலந்தி. பட்டாணி போல உருண்ட வயிறு, நீண்ட முன்னங்கால். பழுப்பு விடோ என்றால் முட்டைப் பை நெருஞ்சிக்காய் மாதிரி முள் முள்ளாக இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. தோட்டத்து வட்ட வலையில் பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருக்கும் மஞ்சள் வரிச் சிலந்தி பார்க்கத்தான் மிரட்டும், மனிதனுக்கு ஆபத்தில்லை. பயிரைத் தின்னும் பூச்சியைப் பிடிக்கிற அதை ஏன் அடிக்கணும்?

விடோ தானாக வந்து கடிப்பதில்லை. உடம்போடு நசுங்கும்போதுதான் கடிக்கும். ஆகவே பெட்டியைத் தட்டிவிட்டுத் திறங்க, கையுறை போடுங்க. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். கீறவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். வலி பரவினாலோ, வியர்த்தாலோ, தசை இழுத்துப் பிடித்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குழந்தைகள், வயதானவர்கள் என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். உயிர் போவது மிக அரிது. ஆனால் வேதனை கடுமையானது. முடிந்தால் எட்ட நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்கப் போகாதீங்க.

தம்பிகளே, தங்கைகளே, ஒரு குறியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று இந்தக் கல்லூரி லேபில்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது சிலந்திக்கும் பொருந்துகிறது.