‘சூடு’ன்னு சொன்னா என்ன அர்த்தம்?

வாரம் ஒரு சொல்லை எடுத்துப் பேசுகிறோம் இல்லையா, இன்றைக்கு ‘சூடு’.

முதலில் கொஞ்சம் இலக்கணம், ஒரு நிமிடம்தான். ‘சுடு’ என்பது வினை. அதன் முதல் எழுத்து நீண்டால் ‘சூடு’ என்று பெயராகிவிடும். கெடு – கேடு, பெறு – பேறு மாதிரி. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். தோசை சுடுவதும் துப்பாக்கியால் சுடுவதும் நமக்கு ஒரே வினைதான். அதனால்தான் செய்தியில் ‘துப்பாக்கிச் சூடு’ என்கிறோம்.

‘வெப்பம்’னு ஒரு சொல் இருக்கே என்று கேட்கலாம். இருக்கு. ஆனால் அது வானிலை அறிக்கையிலும் அறிவியல் பாடத்திலும் இருக்கிற சொல். டீக்கடையில் போய் ‘வெப்பமா ஒரு டீ’ன்னு கேளுங்கள், மாஸ்டர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

சூடு அப்படியில்லை, எல்லா இடத்துக்கும் வரும். வியாபாரம் சூடு பிடிக்கும், தேர்தல் களம் சூடு பிடிக்கும். எவ்வளவு திட்டினாலும் உறைக்காதவனுக்குச் சூடு சொரணை கிடையாது. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனுஷனுக்கு ஒரு சொல். சென்னையில் ஆட்டோ மீட்டரை வேகமாக ஓடும்படி திருத்தி வைத்தால் அது ‘சூடு வச்ச மீட்டர்’.

இன்னொரு சூடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு இந்தச் சொல்லை எடுத்தேன். உடம்புச் சூடு.

பப்பாளி சூடு, கோழிக்கறி சூடு, மோர் குளிர்ச்சி, வெந்தயம் குளிர்ச்சி. தெர்மாமீட்டரில் இந்தச் சூடு தெரியாது. கண்ணில் கட்டி வந்தாலும் சூடு, வாயில் புண் வந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு.

போன சித்திரையில் எங்க அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னம்மா என்று கேட்டேன். “ஒண்ணுமில்லடா, சூடு” என்றார். நானும் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். வெந்தயம் ஊறப்போட்டுச் சாப்பிட்டார், எண்ணெய் தேய்த்துக் குளித்தார். பத்தாவது நாள் ராத்திரி உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, சிறுநீர்த் தொற்று கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார்கள். “எத்தனை நாளா எரிச்சல் இருக்கு?” என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பத்து நாளாச்சு.”

நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நேரடியாகச் சொல்லக் கூசுகிறதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்கு நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது: இடக்கரடக்கல். ‘கால் கழுவி வந்தேன்’ என்று சொல்கிறோமே, அது. அம்மா சொன்ன சூடும் அதுதான். மகனிடம் எந்த இடத்தில் எரிகிறது என்று எப்படிச் சொல்வார்? அவர் சொல்லத்தான் செய்தார். எனக்குத்தான் வெயில் காலம், இளநீர் என்று மட்டும் புரிந்தது.

பாட்டி வைத்தியம் எல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. வெயில் காலத்தில் மோர் குடிப்பது நல்லதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டில் யாராவது “சூடு” என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். எங்க? எத்தனை நாளா? எரியுதா, காய்ச்சல் இருக்கா? உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவர்கள் கூசாமல் பேசக்கூடிய ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம்கூட “சூடா இருக்குடா” என்றார். பதறிப்போய் எங்கம்மா என்று கேட்டேன். “காபிடா. ஆத்திக் குடி” என்றார்.

அடுத்த வாரம் இன்னொரு சொல்லோடு சந்திப்போம்.