வானத்தின் மௌனமும் மாணவரின் வினாவும்

 

ஒருகொடவத்தையில் ஓரிரவு இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் என்னை நிறுத்தினார். “ஹஸரத், வேறு உலகங்களில் அறிவுள்ள படைப்புகள் இருக்கலாம் என நினைப்பது ஈமானுக்குப் பாதகமா? இருந்தால், ஏன் இதுவரை ஒரு செய்தியும் வரவில்லை?” என வினவினார். உடனிருந்த தந்தையோ, பாடத்தை விட்டுவிட்டு வீண் கேள்வி கேட்பதாக அவரைக் கடிந்துகொண்டார்.

அது வீண் கேள்வியன்று. இயற்பியல் அறிஞர் என்ரிகோ ஃபெர்மி 1950இல் பகலுணவு வேளையில் தம் நண்பர்களிடம் கேட்டதும் இதுவே.

நமது ஊர்க் கணக்கொன்றைப் பாருங்கள். கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது 1925 டிசம்பர் 16இல். 2025 டிசம்பருடன் அதற்கு நூறு ஆண்டுகள். அன்றைய அலைகளிற் பெரும்பகுதியை வளிமண்டலத்தின் மேலடுக்கே திருப்பியனுப்பியிருக்கும். எனினும் கணக்குக்காக அவை விண்வெளிக்குத் தப்பிச் சென்றதாகக் கொள்வோம். ஒளியின் வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் விரைந்தும், அவை கடந்திருப்பது நூறு ஒளியாண்டுத் தூரமே. நமது பால்வீதியின் குறுக்களவோ ஏறத்தாழ 1 இலட்சம் ஒளியாண்டுகள்! கேட்டவர் எவரேனும் உடனே பதிலனுப்பி, அது இன்று நம்மை வந்தடைய வேண்டுமாயின், அவர் 50 ஒளியாண்டுகளுக்குள் வசிப்பவராக இருத்தல் வேண்டும். நம் கடிதம் இன்னும் ஒழுங்கையைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் ஊரார் பதில் எழுதவில்லை எனக் குறைப்படுகிறோம்.

நாம் செவிமடுக்கத் தொடங்கியதும் அண்மையிற்றான். 1960இல் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவில் வானொலித் தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். இத்தேடலில் வாழ்நாளைச் செலவிட்ட ஜில் டார்டர் அம்மையார், இதுவரை தேடியதைக் கடலில் அள்ளிய ஒரு குவளை நீருக்கு ஒப்பிட்டார். காலிமுகத்திடலில் ஒரு குவளை அள்ளிப் பார்த்துவிட்டு, கடலில் மீனே இல்லை என்று எவர் சொல்வார்?

1977இல் ஏவப்பட்ட வொயேஜர் கலங்கள் 55 மொழிகளில் வாழ்த்துச் சுமந்து செல்கின்றன. அவற்றுள் அரபும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. (நமக்கு இதில் சிறு மனத்தாங்கல்தான்.) 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 2007 டிசம்பரில் தமது 90ஆவது பிறந்தநாளில் மூன்று ஆசைகளை வெளியிட்டார். வேற்றுலக உயிருக்குச் சான்று கிடைப்பது ஒன்று. இந்நாட்டில் நிலையான சமாதானம் மலர்வது மற்றொன்று. 2008 மார்ச்சில் இரண்டையும் காணாமலே அவர் மறைந்தார்.

இனி ஈமான் பற்றிய வினா. ஸூரதுஷ் ஷூராவின் 29ஆம் வசனம், வானங்கள், பூமி இரண்டிலும் பரப்பப்பட்ட உயிரினங்களைக் குறிப்பிடுகிறது. 1210இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸி, இவ்வுலகுக்கு அப்பால் ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்கவும் அல்லாஹ் ஆற்றலுள்ளவன் என எழுதினார். ஆகவே அவ்வாறு எண்ணுவதில் பாதகமில்லை. ஆனால், அவ்வசனத்தைக் காட்டி, “வேற்றுக்கிரகவாசிகள் உண்டென்பது நிரூபணமாகிவிட்டது” என மேடையில் முழங்குவதை நான் ஏற்பதில்லை. சான்று வரவில்லை, அவ்வளவே.

இவற்றைச் சொல்லி முடித்தபோது தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்பு மகனை நோக்கி, அந்த 50 ஒளியாண்டுகளுக்குள் எத்தனை நட்சத்திரங்கள் இருக்கும் என்று கேட்டார். ஆயிரத்துக்கும் மேல் வாப்பா என்றார் மகன். கொள்கலன் லொறிகளின் இரைச்சலுக்கு நடுவே இருவரும் அதையே பேசிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தனர்.