வடிவம் மட்டும் சாட்சி ஆகாது

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்தபோது, பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் செய்தி பரவியது. நேரில் சென்று பார்த்த ஆய்வாளர்கள், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரியைச் சார்ந்த படிவுகள் என்று விளக்கினார்கள். செய்தி அத்தோடு அடங்கியது. ஆனால் புதைபடிவங்களைத் தேடிச் சேகரிக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதில் பெரிய பாடம் இருக்கிறது. ஒரு கல் எதைப்போல் தோன்றுகிறது என்பதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. உள்ளே அது எப்படி அமைந்திருக்கிறது, எந்தப் பாறையில் கிடைத்தது என்ற இரண்டையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

இத்தனை ஒழுங்கான உருண்டை தற்செயலாக உருவாகுமா என்று சிலர் கேட்கலாம். உருவாகும். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ இறந்த உயிரோ புதையும்போது, அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிந்து, எல்லாப் பக்கமும் சமமாக இறுகும். பிற்காலத்தில் சுற்றியுள்ள மென்மையான மண் மழையில் கரைந்துபோக, கடினமான உருண்டை மட்டும் தங்கிவிடும். இதை முட்டையிலிருந்து பிரித்தறிய ஓடுதான் வழி. டைனோசர் முட்டைக்குச் சில மில்லிமீட்டர் கனத்தில், உள்ளிருக்கும் மண்ணிலிருந்து வேறுபட்ட ஓடு உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதன் மேற்பரப்பையும் நுண்துளைகளையும் காணலாம். தானாக உடைந்த உருண்டை ஒன்றை எடுத்துப் பார்த்தால், இந்த ஓடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்தது இடம். டைனோசர்கள் முட்டையிட்டது தரையில்; குன்னத்துப் பாறைகளோ கடலடியில் படிந்தவை. அந்த ஒரு செய்தியே நம்மைத் தயங்க வைத்திருக்க வேண்டும்.

கண்ணை ஏமாற்றுவதில் உருண்டைகளையும் மிஞ்சியவை, கல்லின் மேல் செடிபோலப் படரும் கறுப்புக் கோலங்கள். டெண்ட்ரைட் எனப்படும் இவற்றைப் பலர் பெரணி இலை என்றே நம்பிவிடுகிறார்கள். பாறையின் மெல்லிய வெடிப்புக்குள் கசிந்த நீரில் இருந்த மாங்கனீசு, ஆக்சைடாகப் படிந்ததால் வந்தவை இவை. கூர்ந்து பாருங்கள்: நடு நரம்பு இருக்காது, கிளைகள் வெடிப்பின் ஓரத்திலிருந்து கிளம்பி, மனம்போன போக்கில் பிரியும். உண்மையான பெரணியில் நடுத்தண்டும், அதன் இரு புறமும் முறையாக அமைந்த சிற்றிலைகளும், அவற்றுள் நரம்புகளும் இருக்கும். அம்மோனைட்டிலும் இதே கதைதான். சுருள் வடிவம் மட்டும் போதாது. அதன் உட்புறம் தடுப்புச் சுவர்களால் அறை அறையாகப் பிரிந்திருக்கும். அந்தச் சுவர்கள் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில், இலை விளிம்பைப் போல நெளிந்த கோடுகள், வரிசை தவறாமல் திரும்பத் திரும்ப வரும். உயிரின் வளர்ச்சி மட்டுமே இப்படி ஒரு கோட்டை வரையும். கசியும் நீரால் அது முடியாது.

நிபுணர்களே தவறும்போது ஆர்வலர்கள் இதற்கு மெனக்கெட்டு என்ன பயன் என்ற மறுப்பும் எழலாம். தவறியது உண்மைதான். மத்தியப் பிரதேசத்து பீம்பேட்கா குகையின் பாறையில் இருந்த ஒரு தடத்தை, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிக்கின்சோனியா என்னும் உயிரியின் புதைபடிவம் என்று 2021இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. வேறொரு குழு அங்கேயே சென்று சோதித்து, அது பாறையில் ஒட்டியிருந்து உதிர்ந்துவரும் பழைய தேன்கூட்டின் மிச்சம் என்று 2023இல் நிறுவியது. முதலில் அறிவித்த குழுவின் தலைவரும் அதை ஏற்றுக்கொண்டார். தடம் அதே இடத்தில் இருந்ததால்தான் இந்தத் திருத்தம் நடந்தது. இதற்கு நேர்மாறானது அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ். மாபெரும் டைனோசரின் எலும்புகள் என்று 1980களின் இறுதியில் விவரிக்கப்பட்ட அவை பிற்காலத்தில் சிதைந்து அழிந்துபோயின. அவை எலும்புகளா, கல்மரத் துண்டுகளா என்று எழுந்த ஐயத்தை நேரடியாகச் சோதித்துத் தீர்க்க இனி வழியில்லை. நிபுணரோ ஆர்வலரோ, பொருளும் அதன் இடமும் காப்பாற்றப்பட்டால்தான் எந்தத் தவறையும் திருத்த முடியும்.

ஆர்வலர்களால் பயனில்லை என்பதையும் நம் ஊர் வரலாறே மறுக்கிறது. 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைச் சேகரித்த கே, கன்லிஃப் இருவரும் மதராஸ் அரசுப் பணியாளர்கள். தொழில்முறைப் புவியியலாளர்கள் அல்லர். எது எந்தப் பகுதியில் கிடைத்தது என்ற விவரம் இருந்ததால், இயற்கையியல் அறிஞர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை இடவாரியாக ஆராய்ந்து எழுத முடிந்தது. எனவே நேயர்களே, ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால் உடனே பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடியுங்கள். இடத்தையும் சுற்றியுள்ள பாறையையும் குறித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறையிலோ அருங்காட்சியகத்திலோ காட்டிக் கேளுங்கள். சாத்தனூர், திருவக்கரை கல்மரப் பூங்காக்களைப் போலப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். கிடைத்த இடம் தெரியாத புதைபடிவம் தன் பாதி மதிப்பை இழந்துவிடுகிறது.