அவளுக்கும் பிள்ளை வேண்டும்
(மாரமங்கலத்தில் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மலையிலே ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் அக்கம்பக்கமெல்லாம் மகிழ்ச்சி. அவள் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்துவிட்டால்? அதே வாய்கள், "இவளுக்கு எதற்குப் பிள்ளை? கலைத்துவிடு" என்கின்றன. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா?

அவளுக்கும் பிள்ளை வேண்டும். பிள்ளை வயிற்றில் புரளும்போது பூரிக்கிறாள், மறுகணமே, "என் நோய் இதற்கும் வந்துவிடுமோ?" என்று நடுங்குகிறாள். மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைப்பவளும் உண்டு.

நடத்தை கெட்டவளுக்கே இந்த நோய் வரும் என்பது பச்சைப் பொய். மணமான பெண்களுக்குப் பெரும்பாலும் புருஷனிடமிருந்தே வருகிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்திலேயே கிருமி இருந்தது. அவள் செய்த குற்றம் என்ன? 2019 ஜனவரியில் மதுரையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பரிசோதித்தார்கள், குழந்தைக்குக் கிருமி இல்லை.

இது அதிசயமல்ல. மருந்தில்லாமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை நோய் தொற்றும். தாய் நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் குறைந்தது ஆறு வாரம் மருந்து கொடுத்தால், 5க்கும் கீழே இறங்கிவிடும். சர்க்கார் 2004 முதல் இந்த மருந்தை இலவசமாகத் தருகிறது. தாய்ப்பாலும் கொடுக்கலாம், மருந்தை மட்டும் விடக்கூடாது.

ஆனால் காத்திருப்பு கொடியது. தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் குழந்தையிடமும் தங்கியிருப்பதால், ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை செய்தாலும், முடிவாகச் சொல்ல 18 மாதம் ஆகிறது. குழந்தை தவழ்ந்து, நடந்து, "அம்மா" என்று கூப்பிடும் காலமெல்லாம் அந்தத் தாய் ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கிறாள். சளி பிடித்தாலும் அவளுக்குத் தூக்கமில்லை.

"கலைத்துவிடு" என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, அவள் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கவோ, கருத்தடை செய்யவோ கூடாது. இந்தச் சட்டம் தானாக வரவில்லை. பக்கத்து நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, புருஷன் மூலம் நோய் தொற்றியவர், 1998ல் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்துச் சங்கம் கண்டார். இப்படிப் பலர் முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசிய பிறகே வந்தது.

நம் கஷ்டம் வேறு. மலையிறங்கிச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. அதற்குப் பயந்தே மருந்தை விடுகிறவள் உண்டு. அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கேட்போம். என்ன நோய் என்று மேஸ்திரி கேட்டால், "ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.