தொழில் மாற்றமும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் இலக்கியச் சுவை பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். தமிழ் கற்பிப்பவர்க்கு அதுவே தக்கதென அவர் எண்ணியது முறையே. ஆயினும், நம் தெருக்களில் தறியோசை அடங்கிவரும் இந்நாளில், அணியும் சுவையும் பேசிப் பொழுது போக்க எம் மனம் ஒருப்படவில்லை. ஆதலின் நம் வீட்டு வாழ்வைப் பற்றியே சில சொல்லத் துணிந்தோம், பொறுத்தருளல் வேண்டும்.

முதற்கண் கணக்கைக் காண்போம். இந்திய அரசினர் 1987-88-இல் எடுத்த முதற் கைத்தறிக் கணக்கெடுப்பில் இத்தொழிலாளர் ஏறத்தாழ 67 இலட்சம் பேர் இருந்தனர். 2009-10-இல் அத்தொகை 43 இலட்சமாயிற்று. 2019-20-இல் 35 இலட்சமாயிற்று. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் தறியை விட்டு நீங்கினர்.

இஃது ஏன் நேர்ந்தது? நெய்பவர் சோம்பினர் என்பாரும் உளர். அது பொருந்தாது. கைத்தறியாளர் ஒருவர் நாள் முழுதும் இருந்து நெய்யும் துணியைப் போலப் பன்மடங்கு துணியை விசைத்தறி அதே பொழுதில் நெய்துவிடும். ஒருவரே பல விசைத்தறிகளைக் கவனித்துக்கொள்ளவும் கூடும். இதனை உணர்ந்தே அரசினர் 1985-இல் ஒரு சட்டம் இயற்றிச் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியனவாக ஒதுக்கினர். முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பெற்றன. பின்னர் அவை 11-ஆகச் சுருங்கின. அப்பதினொன்றிலும் விசைத்தறித் துணி கைத்தறிப் பெயர் பூண்டு கடைக்கு வருதலை யாவரும் அறிவர். பட்டும் சரிகையும் நூலும் விலை ஏறிய அளவிற்கு நெய்கூலி ஏறவில்லை. இந்நிலையில் தந்தையே தன் மகனை நோக்கி, "தறிக்குழியில் இறங்காதே" என்று கூறுவாராயின், அவரைக் குறை கூறுவது எங்ஙனம்?

தறி விட்டவர் எங்குச் சென்றனர்? துணிக்கடையிலும், உணவு விடுதியிலும், வங்கியிலும், மருத்துவமனையிலும், வாயிற்காவலிலும், கணிப்பொறி நிறுவனங்களிலும் உள்ளனர். பொருள் நூலார் இவற்றையெல்லாம் சேவைத்துறை என ஒரு பெயரால் வழங்குவர். பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. 2023-24-ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கின்படி, நம் நாட்டில் உழைப்போர் நூற்றுவரில் ஆக்கத்தொழிலில் இருப்பவர் 11 பேரே. சேவைத்துறையில் இருப்பவர் 30 பேர். ஆனால் நாட்டு வருவாயிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு அச்சேவைத்துறையினின்றே எழுகின்றது. அம்முப்பதின்மருள்ளும் பெரும்பொருள் பெறுவார் சிலர். இருசக்கர வண்டியில் உணவுப் பொதி சுமந்து நாட்கூலி பெறுவார் பலர். மேல்வாயில் ஒன்று, கீழ்வாயில் ஒன்று என இரண்டு வாயில்கள் அம்மாளிகைக்கு உண்டு. கல்வி உடையார்க்கே மேல்வாயில் திறக்கும்.

பிறந்த தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிவைத்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. எத்தொழிலும் எவர்க்கும் உரியதே. கணிப்பொறி முன் அமர்ந்த மகன் தந்தையின் தறியைக் கண்டு நாணவும் வேண்டுவதில்லை. பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில், துளையிட்ட அட்டைகளைத் தொடராகக் கோத்து, எவ்விழை எழல் வேண்டும், எவ்விழை தாழல் வேண்டும் என்பதனை அவ்வட்டைகளே தறிக்கு அறிவிக்குமாறு அமைத்தார். நம் தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டி அவர் வழி வந்ததே. பின்னர் அமெரிக்க நாட்டில் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கினைத் தொகுக்க, ஹாலரித் என்பார் துளையட்டைகளைக் கொண்டே எண்ணும் பொறியை இயக்கினார். அவர் தொடங்கிய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து ஐ.பி.எம். என்னும் பெருங் கணிப்பொறி நிறுவனமாயிற்று. ஆகவே தறியும் கணிப்பொறியும் தம்முள் உறவுடையன என்க.

இதுவரை கூறியவற்றைப் பிறரும் கூறுவர். யாம் வலியுறுத்த விழைவது வேறொன்று.

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவர்தம் பெற்றோர் தொழிலைப் பதிவேட்டில் எழுதினோம். ஒரு சிறுவன் எழுந்து, தன் தந்தை சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பதாகக் கூறினான். "அம்மா?" என்று வினவினோம். "அம்மா சும்மாதான் இருக்கிறார், ஐயா" என்றான். யாமும் 'தொழில் இல்லை' என எழுதி அடுத்தவனை அழைத்தோம். அவ்வம்மையாரை யாம் அறிவோம். வீட்டில் தறி இருந்த நாளெல்லாம் விடியற்காலையில் ராட்டை முன் அமர்ந்து தார் சுற்றியவர். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டபொழுது உடன் நின்றவர். அறுந்த இழை முடிந்தவர். கணவர் நோயுற்ற நாளில் தாமே தறியில் அமர்ந்து நெய்தவர். அவர் உழைப்பு கணவரின் கூலியுள் மறைந்திருந்தது. தறி விற்கப்பட்டது, கணவர்க்கு வேறு வேலை கிடைத்தது, அம்மையார்க்கோ 'தொழில் இல்லை' என்னும் பெயரே கிடைத்தது. அன்றிரவு எம் எழுத்தே எம்மை உறுத்திற்று.

நன்னூலைப் பாடங் கேட்டார் யாவரும் அறிவர்: நூல் இயற்றும் புலவனுக்குப் பவணந்தி முனிவர் நூல் நூற்கும் மங்கையையே உவமையாக வைத்தார். அவர் மறவாத கையை அந்நூலைக் கற்ற யாம் மறந்தோம்!

2019-20-ஆம் ஆண்டுக் கணக்கில், கைத்தறியில் உழைப்போர் நூற்றுவரில் எழுபதின்மருக்கு மேற்பட்டோர் பெண்மக்கள். அஸ்ஸாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் தத்தம் வீட்டுப் பயனுக்கு நெய்யும் மகளிரும் இதில் அடங்குவர். எனினும் நம் தெருக்களின் நிலையும் இதற்குப் பெரிதும் மாறுபட்டதன்று. இங்ஙனமாகவும், தொழில் மாற்றம் பற்றிப் பேசுங்கால் ஆடவர் எங்குச் சென்றனர் என்றே வினவுகின்றோம். தறியை விட்டு ஆடவர் வெளியேறலாம். வீட்டில் முதியோரையும் மழலையரையும் காக்கும் மனைவியர் எங்குச் செல்வர்? ஒரு தறி நிற்கும்பொழுது இருவர் தொழில் நிற்கின்றது. ஒருவரையே நாம் எண்ணுகின்றோம்.

ஆகவே மூன்று காரியங்களை இச்சங்கத்தின் முன் வைக்கின்றோம்.

ஒன்று: இன்னும் தறி இயங்கும் வீடுகளில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பெண்மக்களும் தம் பெயரால் உறுப்பினராதல் வேண்டும். சேமநிதியும் முதுமைக்கால உதவியும் பதிவிலுள்ள பெயரைத் தொடர்ந்தே வருவன; பெயரில்லார்க்கு அவை இல்லை.

இரண்டு: நகரங்களில் உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் நம் இளைஞர்கள், தமிழ்நாட்டு அரசினர் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய தொழிலாளர்க்கென அமைத்த நல வாரியத்தில் தம்மைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். இதற்குரிய தாள்களை எழுதித் தருதற்கு ஞாயிறுதோறும் எம் வீட்டுத் திண்ணை திறந்திருக்கும்.

மூன்றாவது சிலர்க்குக் கசக்கலாம். நம் திருமண மண்டபத்திற்கு மேல்மாடி எழுப்ப நிதி திரட்டப்படுகின்றது. மண்டபம் வேண்டாம் என்று யாம் கூறவில்லை. ஆனால் மாடி சில ஆண்டு காத்திருக்கும்; பதினாறு வயதுப் பெண் காத்திராள். இவ்வாண்டு நிதியில் ஒரு பாதியை, தறி நின்ற வீட்டுப் பெண்பிள்ளைகள் செவிலியர் கல்வியோ, கணக்கியலோ, கணிப்பொறியோ கற்றற்கும், விரும்புவார் சேலத்துக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையத்திற் பயிலுதற்கும் ஒதுக்குதல் வேண்டும். தறியில் தொடர்வாரும் தறியை விடுவாரும் அறிவோடு செய்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

பொதுக்குழு இதனை ஏற்பினும் மறுப்பினும், யாம் ஒன்று செய்வோம். வருகின்ற ஆண்டுப் பதிவேட்டில் அன்னையின் தொழில் எழுதும் இடத்தில், பிள்ளையின் விடையோடு நில்லாது, ஒவ்வொரு தாயையும் நேரிற் கேட்டே எழுதுவோம். இங்கு வந்துள்ள தாய்மார்கள் தயங்காமல் தங்கள் தொழிலைக் கூறுவார்களாக.