பட்டாளத்து வாத்தியார்



நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் படுகையணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் கரையில் விடியற்காலையில் நடந்து போனால், நாலைந்து பையன்களாவது எதிரே ஓடி வருவார்கள். அக்னிவீர் தேர்வுக்கான 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பழகுகிறவர்கள். அதில் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டான்: "ஏனுங்ண்ணா, பட்டாளத்துல சேந்து அங்கயே வாத்தியார் ஆகோணும்னா என்ன பண்ணோணுங்க? வீட்டுக்குள்ள புகுந்து சண்டை போடறாங்கல்லங்க, அதைச் சொல்லிக்குடுக்கற வாத்தியாரு."

பட்டாளத்துக் கதையான 'அமரன்' படம் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. பட்டாளத்தில் சேர வேண்டும் என்று சொல்லும் பையன்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் அபூர்வம்.

முதலில் அந்தப் பாடம் என்ன என்று பார்ப்போம். நம் ஊர் வீடு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசல், உள்ளே கூடமாக ஆசாரம், ஆசாரத்தை ஒட்டி இரண்டு அறை, மேலே சாமான் போடும் அட்டாலி, பின்னால் பொடக்காணி, அதைத் தாண்டினால் வெற்றிலைக் கொடிக்கால். அந்த வீட்டுக்குள் துப்பாக்கியோடு ஒருவன் பதுங்கியிருக்கிறான் என்று வையுங்கள். வெயிலில் நின்ற கண்ணோடு இருட்டான ஆசாரத்துக்குள் கால் வைக்கிறவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பவனுக்கோ நிலைப்படிச் சட்டத்துக்குள் வந்து நிற்கிறவன் உச்சி முதல் பாதம் வரை தெரிவான். அதனால் வாத்தியார் சொல்லும் முதல் விஷயம், வாசற்படியில் நிற்காதே என்பதுதான். முதல் ஆள் ஒரு பக்கம், இரண்டாவது ஆள் மறுபக்கம், அடுத்தவன் நடுவில் விட்டுப்போனதைப் பார்க்க வேண்டும். சுவரோடு உரசிப் போகக் கூடாது. சாய்வாக வந்து பட்ட குண்டு சுவரை ஒட்டியே சறுக்கிக்கொண்டு வரும். ஜன்னல் விளிம்பில் துப்பாக்கியை நீட்டக் கூடாது. அறைக்குள் தள்ளி நின்று சுட வேண்டும். ஓட்டுக் கூரையும் தகரமும் மறைப்பு கொடுக்குமே தவிரக் குண்டைத் தடுக்காது. மாடிப்படி திரும்பும் இடத்தில் மேலேயும் ஒரு துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் உடம்புக்குப் பழக வேண்டிய சங்கதிகள். திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடும். வராதது வேறு. கதவைத் தள்ளி உள்ளே போனவனுக்கு முன்னால் கட்டிலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கலாம். ஒரு பையன் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். கையில் இருப்பது செல்போனா, துப்பாக்கியா என்று கண் பார்த்து முடிப்பதற்குள் விரல் முந்திக்கொள்ளும். அந்த விரலைப் பழக்குவதுதான் நகரச் சண்டை வாத்தியாரின் வேலையில் பெரும்பகுதி என்பது என் அபிப்பிராயம்.

இதைத் தமிழில் பேசும்போது யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக முடியாது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதி காக்க என்று போன இந்தியப் படை, அக்டோபரில் அந்த நகரத்துக்காகவே விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கியது. எல்லையில் இன்னொரு ராணுவத்தோடு மோதுவதற்குத் தயாரான படை அது. தெருவுக்குத் தெரு, வேலிக்கு வேலி என்று போராடும் சண்டைக்குப் பழகாதது. அக்டோபர் 12 அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். அதே இரவில் இறங்கிய பாரா கமாண்டோக்கள் அக்கம்பக்கத்துச் சந்துகளில் சிக்கிக்கொண்டார்கள். சாலை முழுக்கக் கண்ணிவெடி. ரயில் பாதையில் வெடி வைத்திருக்க மாட்டார்கள் என்று கணித்து, தண்டவாளத்தின் மேலேயே டாங்கிகளை ஓட்டிப் போய் அவர்களை மீட்டார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வழி. அப்படி அந்த நேரத்தில் யோசிக்கத் தெரிந்தவன்தான் பிற்பாடு நல்ல வாத்தியார் ஆகிறான்.

அதே மாதம் 21ஆம் தேதி நடந்ததையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள், இடையில் மாட்டிக்கொண்டவர்கள்தான் இறந்தார்கள் என்பது படைத் தரப்பு. உயிர் தப்பிய ஊழியர்கள் சொன்னது அப்படியில்லை. மறுநாள் காலையில் குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம், நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று குரல் கொடுத்தபடி கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சுடப்பட்டார். அந்தப் படைக்கு வீடு புகும் வித்தையும் தெரியாது. சுடாமல் நிற்கும் வித்தை அதைவிடத் தெரியாது. இந்த இரண்டாவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மற்ற நாடுகளும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1943 டிசம்பரில் இத்தாலியின் ஒர்த்தோனா ஊரில் ஜெர்மானியரோடு மோதிய கனடாப் படையினர், தெருவில் இறங்கினால் சாவு நிச்சயம் என்று கண்டதும், ஒட்டிக்கட்டிய வீடுகளின் பொதுச்சுவரை வெடித்துத் துளைபோட்டு, வீட்டுக்குள்ளேயே அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அன்று அங்கே அடிபட்டுப் பழகியது இன்று உலகம் முழுக்கப் பாடம். அதே மாதம் இங்கிலாந்தில் இம்பர் என்ற சின்னக் கிராமத்தைப் பயிற்சிக்காகக் காலி செய்தார்கள். போர் முடிந்தும் அந்த ஜனங்களைத் திரும்பக் குடியேற விடவில்லை. சண்டை பழக ஒரு ஊரையே விழுங்கிவிட்டார்கள்!

இப்போது பல நாடுகளில் இதற்கென்று மாதிரி வீடுகளைக் கட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அறைக்குக் கூரை இருக்காது. சுவர்களுக்கு மேலே குறுக்கே நடைபாதை. வாத்தியார் அதில் நின்றபடி கீழே நடப்பதைப் பார்ப்பார். முதலில் குண்டில்லாத துப்பாக்கி, அடுத்து சத்தம் மட்டும் வரும் வெற்றுத் தோட்டா, கடைசியில்தான் நிஜத் தோட்டா. அறைக்குள் மனித உருவப் பலகைகள் நிற்கும். ஒன்றின் கையில் துப்பாக்கி, ஒன்றின் கையில் செல்போன், இன்னொன்று குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண். கெட்டிக்கார வாத்தியார் ஒவ்வொரு தடவையும் பலகைகளை இடம் மாற்றி வைப்பார். பையன் வெளியே வந்ததும் எத்தனை சுட்டாய் என்று கேட்க மாட்டார். மூலையில் நின்றவன் எந்தக் கையில் என்ன வைத்திருந்தான் என்று கேட்பார். பதில் வராவிட்டால் மறுபடியும் உள்ளே அனுப்புவார்.

நம் நாட்டில் இதற்கான படிப்பு பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. காலாட்படைப் பள்ளி மத்தியப் பிரதேசத்தில், அம்பேத்கர் பிறந்த மஹூவில் இருக்கிறது. அதன் கமாண்டோ பிரிவு பெல்காமில். கிளர்ச்சி எதிர்ப்புக்கும் காட்டுச் சண்டைக்குமான பள்ளி மிசோரமில், வைரெங்டேயில். காஷ்மீருக்குப் போகிற படைப்பிரிவுகள் முதலில் அங்குள்ள போர்ப்பள்ளிகளில் பழகிவிட்டுத்தான் ஊர்களுக்குள் இறங்குகின்றன. பணயக் கைதிகளை மீட்கும் வேலைக்கு மானேசரில் தேசியப் பாதுகாப்புப் படை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அதன் கிளை ஒன்று நம் சென்னைக்கும் வந்தது.

அந்த மும்பைத் தாக்குதலில், 2008 நவம்பர் 28 அன்று தாஜ் ஓட்டலுக்குள் உயிர்விட்ட மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், பெல்காமில் கமாண்டோ படிப்பை முதல் மாணவராக முடித்து, 'பயிற்றுநர்' தரம் வாங்கியவர். நம் தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜனும் மஹூ பள்ளியில் பணியாற்றியவர்தான். 2014 ஏப்ரல் 25 அன்று சோபியான் பக்கம் ஆப்பிள் தோட்டத்து வீடு ஒன்றில் நடந்த சண்டையில் அவர் உயிர்விட்டதை, அவர் கதையான 'அமரன்' படம் பார்த்தவர்கள் அறிவார்கள். இருவருக்கும் அசோக சக்ரா. சொல்லிக்கொடுக்கும் தகுதி பெற்றவர்களுக்கே அந்த வாசற்படி அவ்வளவு ஆபத்தானது.

சரி, அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பட்டாளத்து வாத்தியார் வேலைக்கென்று நேரடித் தேர்வு கிடையாது. நாமக்கல், சேலம் மாவட்டப் பையன்களுக்குக் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம். அக்னிவீராகச் சேர்ந்தால் நான்கு வருஷம். அதற்குப் பிறகு நிரந்தரமாக வைத்துக்கொள்வது நூற்றுக்கு 25 பேர் வரைதான். அந்தக் கால்வாசியில் ஒருவனாக வந்து, நாயக், ஹவில்தார் என்று ஏறி, படைப்பிரிவு அனுப்பும் படிப்புகளில் பயிற்றுநர் தரம் வாங்கினால்தான் வாத்தியார் வேலைக்குப் பெயர் போகும். சும்மா பாஸ் செய்தால் போதாது. நான்கு வருஷத்தை வைத்துக்கொண்டு இந்தக் கனவு காண்பது கொஞ்சம் கஷ்டம்தான். மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. டிகிரி முடித்து அதிகாரியாகப் போனால் வழி வேறு: தேர்வு எழுதி, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி வழியாக மஹூவுக்குப் போகலாம்.

இன்னொரு விஷயம். ஹிந்தி பேசாமல் அங்கே ஆகாது. பயிற்சி கொடுப்பவரை 'உஸ்தாத்' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபிப் பையன், நாகாப் பையன், நம் ஊர்ப் பையன் மூவருக்கும் ஒரே மொழியில், சிரிக்கவும் வைத்து, பயமும் காட்டிச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லிக் காட்டி, செய்து காட்டி, அவர்களைச் செய்ய வைத்து, பிறகு விடாமல் பழக்குவது அங்கே பாட முறை. நன்றாகச் சுடுகிறவன் எல்லாம் இதில் தேறுவதில்லை. பாடம் நடத்திக் காட்டு என்று நிறுத்தியதும் வாய் ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

தேறினவன் சில வருஷம் பள்ளியில் இருந்துவிட்டுத் தன் படைப்பிரிவுக்கே திரும்பிப் போவான். அங்கே அவனுக்கு மாதிரி வீடு கிடைக்காது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இது வாசல், இது ஆசாரம் என்று காட்டி, நாளைக்கு அவனோடு அதே கதவுக்குள் நுழையப் போகிற ஆட்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.