விண்வெளியும் கல்விச்சாலையும்

(கண்டியில் நடைபெற்ற எமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விண்வெளி விஞ்ஞானத்திலும் உயர்கல்வியிலும் வழிகாட்டிய பெரியோருக்கு வணக்கஞ் செலுத்தும் பணியை இளைஞராகிய எம்மிடம் ஒப்புவித்துள்ளீர்கள். மாலை சூட்டிப் புகழ்வது எளிது. அவர்கள் எதனாற் பெரியோரானார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே எமக்கு நன்மை தரும்.

பேராசிரியர் சதீஷ் தவான் 1962 முதல் 1981 வரை பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பணிப்பாளராக விளங்கினார். 1972இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமை அவரைத் தேடி வந்தபோது, கல்விப் பணியை விடாமலே அதனையும் ஏற்றார். 1979 ஓகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ரொக்கெற் வங்கக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தின் பணிப்பாளர் இராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஆயினும் பத்திரிகையாளர்முன் சென்று தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தவான். 1980 யூலை 18இல் அடுத்த ரொக்கெற் ரோகிணியைச் சுற்றுப்பாதையிற் சேர்த்தது. அன்று பேசுமாறு கலாமை அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக் கொண்டார். பழியைத் தாம் சுமந்து, புகழை இளையோருக்கு அளித்த அப்பண்பையே நாம் தலைமை என்கிறோம்.

அப்பாடத்தைக் கலாம் மறக்கவில்லை. அவர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பாடசாலையிலும் திருச்சி சூசையப்பர் கல்லூரியிலும் பயின்றவர். மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. 2007இல் ஜனாதிபதிப் பதவி முடிந்ததும் மாணவரிடமே திரும்பினார். 2015 யூலை 27இல் ஷில்லோங்கில் மாணவர்முன் பேசிக்கொண்டிருக்கையிலே சாய்ந்தார், அன்றே மறைந்தார்.

எமது நாட்டிலும் அத்தகையோர் உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதல் உழைத்தார். 1924இல் அவர் மறைந்தார். பல்கலைக்கழகம் பிறந்ததோ 1942இல்; பேராதனைக்கு வந்தது 1952இல். தாம் காணாத கனிக்காக மரம் நட்டவர் அவர். இன்று அவர் பெயர் தாங்கிய விடுதி பேராதனையில் நிற்கிறது.

அப்பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானை மலை. அம்மலையின் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைக்கு அது கண்ணுக்கு அண்மை; கைக்குச் சேய்மை. உயர்தர வகுப்பிலே பௌதிகமும் கணிதமும் தமிழிற் கற்பிக்க மலையகத்தில் ஆசிரியர் போதாமை இதற்கு ஒரு பெருங் காரணம். எம்மிற் சிலரும் ஆசிரியரில்லா வகுப்பறையில், இரவல் வாங்கிய குறிப்புகளைப் பார்த்தெழுதிப் படித்தவர்களே.

ஆதலால், சனிக்கிழமைதோறும் சங்க மண்டபத்தில் விஞ்ஞான, கணித வகுப்புகள் நடத்தப் பல்கலைக்கழக மாணவராகிய நாம் முன்வருகிறோம். பெரியோர்களே, மண்டபத்தையும் ஒரு கரும்பலகையையும் தாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் கட்டணத்துக்கு வழி செய்யுங்கள். ஒரு பிள்ளை பரீட்சையிலே தவறினால், கற்பித்த நாம் உங்கள்முன் வந்து பொறுப்பேற்போம். தேறினால், இம்மேடை அப்பிள்ளைக்கே உரியது. அப்பெரியோருக்கு நாம் சூட்டத்தக்க மாலை இதுவே.